இலட்சம் வீட்டுத் திட்டமும் புதுப்பிப்பு நிதியும்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தை முன்வைத்து

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றது. அதனால் பாறசாலை முதலிய எல்லைச் சிற்றூர்களில் வாழ்ந்த ஏழைத் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுரிமை கேரள அரசின் திட்டங்களோடு பிணைந்தது. எல்லை வரலாறு பெரும்பாலும் மொழியையும் நிலத்தையும் கொண்டே எழுதப்பட்டுள்ளது. குடியிருப்பைக் கொண்டும் அதனை எழுத இயலும்.

சி. அச்சுத மேனன் அமைச்சரவையில் வீட்டுவசதித் துறையை ஏற்றிருந்த எம். என். கோவிந்தன் நாயர், 1970களின் தொடக்கத்தில் இலட்சம் வீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஊராட்சி ஒன்றுக்கு ஏறத்தாழ 100 வீடுகள் என்பது இலக்காகும். நிலமற்ற உழவுத் தொழிலாளர்க்கு மனை வழங்க நடுவண் அரசு 1971இல் தொடங்கிய திட்டம் இதற்குத் துணைநின்றது. அரசு நிதியோடு பொதுமக்களின் நன்கொடையும் மாணவர் முதலியோரின் உடலுழைப்பும் சேர்ந்தன. இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. எனினும் திட்டத்தின் எண்ணே குடியிருப்புகளின் பெயராக நிலைத்தது.

செலவைக் குறைக்கும் பொருட்டு இரு வீடுகளுக்கு ஒரு பொதுச்சுவர் வைக்கப்பட்டது. பின்னாளில் புதுப்பித்தலுக்குத் தடையாய் அமைந்ததும் அச்சுவரே. ஒரு குடும்பம் தன் பகுதியை இடித்துக் கட்ட முனைந்தால் அடுத்த குடும்பத்தின் கூரை நிலைகுலையும். இங்கிலாந்தின் நகராட்சி வீடுகளில் வாடகை வருவாய் பராமரிப்புக்கு உதவுகிறது. இங்கோ வீடு பயனாளிக்கே உரியதாதலால் வாடகையும் இல்லை. அதிலிருந்து சேரும் பராமரிப்பு நிதியும் இல்லை. கட்டுவதற்கு நிதி திரட்டிய திட்டம் காப்பதற்கு நிதி வகுக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் ஊராட்சிகளுக்கு நிதி வாய்ப்பளித்தது. இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக்கும் முயற்சிகளும் பின்னர் மேற்கொள்ளப்பட்டன. அடுத்து வந்த லைஃப் திட்டத்தில் பொதுவாக வீடொன்றுக்கு 4 லட்சம் ரூபாய் வரையறுக்கப்பட்டது. அதில் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வழி வந்த நடுவண் பங்கு, நெய்யாற்றின்கரை போன்ற நகராட்சியில் 1.5 லட்சமாகவும் பாறசாலை போன்ற ஊராட்சியில் 72,000 ஆகவும் அமைந்தது. எஞ்சிய சுமை மாநிலத்தையும் உள்ளாட்சியையும் சார்ந்தது; இதற்கு ஹட்கோ கடனும் பயன்பட்டது.

எல்லைக்கு இப்பாலும் இதே படிப்பினை உண்டு. 1997இல் அறிமுகமான சமத்துவபுரங்களிலும் 100 வீடுகள் என்பதே அளவு. 2021க்குப் பின் அவற்றைப் பழுதுபார்க்கத் தனி நிதி ஒதுக்க நேர்ந்தது. பெயரிலும் இவ்வொப்புமை தொடர்கிறது. பட்டியலின, பழங்குடி மக்களின் வாழிடங்களைக் குறிக்கும் 'காலனி' என்னும் சொல்லை நீக்க 2024இல் கேரள அரசு ஆணையிட்டது. 2025இல் தமிழக அரசும் அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது.

பெயர் மாற்றம் இழிவை அகற்றலாம், பொதுச்சுவரை அகற்றாது. மானியம் தனித்தனிக் குடும்பத்தை அலகாகக் கொள்ள, பழைய கட்டடமோ இரு குடும்பங்களை ஓர் அலகாகப் பிணைத்துள்ளது. இருவருக்கும் ஒருங்கே நிதி கிடைத்தாலன்றி ஒருவருக்குக் கிடைக்கும் நிதியும் முழுப்பயன் தராது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.