கணினிப் பதிவேட்டுத் துப்புரவு: ஒரு வரலாற்று நோக்கு

வன்னியிலே குளந் தூர்வாருவோர்க்கு ஓர் எல்லையுண்டு. மேலே படிந்த வண்டலை அள்ளலாம். அடியிற் கிடக்கும் களிப்படையை வெட்டிவிட்டாலோ நீர் கசிந்து குளம் வறளும். கணினியைத் துப்புரவு செய்யப் புகுவோர்க்கும் அத்தகைய எல்லையொன்று உளது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களிற் பழைய கணினிகொண்டு கற்கும் மாணவர் பலர், அதன் வேகங் குன்றியவிடத்துப் பதிவேட்டைத் துப்புரவாக்கும் மென்பொருளை நாடுகின்றனர். இவ்வழக்கம் எங்ஙனந் தோன்றிற்று, இன்று அதற்குத் தேவையுண்டா என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

வின்டோஸ் இயங்குதளத்தின் தொடக்க காலத்தில், அமைப்பு விவரங்கள் 'வின்.இனி', 'சிஸ்டம்.இனி' முதலிய எழுத்துக் கோப்புக்களிற் சிதறிக் கிடந்தன. 1992ஆம் ஆண்டு வெளிவந்த வின்டோஸ் 3.1இல் பதிவேடு சிறிய அளவில் தோன்றியது. 1993இல் என்.டி. வரிசையிலும், 1995இல் வின்டோஸ் 95இலும், பொறி, பயனர், மென்பொருள் ஆகிய அனைத்தின் அமைப்புக்களையும் அது தன்னகத்தே கொண்டது. நீக்கப்பட்ட மென்பொருள்கள் தம் பதிவுகளை விட்டுச்சென்றன. அக்காலக் கணினிகளின் நினைவகமோ மிகச் சிறிது, என்.டி. வரிசையிற் பதிவேட்டின் பருமனுக்கும் ஓர் உச்சவரம்பு இருந்தது. ஆகவே துப்புரவுக்கு அன்று நியாயமிருந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனமே 'ரெஜ்கிளீன்' என்னுங் கருவியை வெளியிட்டுப் பின்னர் மீளப்பெற்றது. வின்டோஸ் 98 உடன் வந்த 'ஸ்கான்ரெஜ்' நாடோறும் பதிவேட்டைச் சோதித்து, ஐந்து படிகள்வரை பேணியது. களைவதினும் படியெடுத்துக் காப்பதே மேலென்னும் அறிவு இங்குத்தான் தலைகாட்டுகின்றது.

2001இல் வந்த வின்டோஸ் எக்ஸ்பி அவ்வுச்சவரம்பை நீக்கிற்று. பதிவேடு முதலிலிருந்து முடிவுவரை வாசிக்கப்படும் ஏடன்று. கிளைவிட்ட மரம் போன்றது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய கிளையையே நாடிச் செல்லும். இலட்சக்கணக்கான பதிவுகளிடையே சில நூறு வீண் பதிவுகள் கிடப்பதால் வேகங் குறைவதில்லை. துப்புரவு மென்பொருளோ எது வீண் என்பதை ஊகத்தாலேயே தீர்மானிக்கின்றது. அங்ஙனம் துப்புரவு செய்யப்பட்ட கணினியொன்று, பரீட்சை விண்ணப்பங்கள் அச்சிடவேண்டிய நாளில், தன் அச்சுப்பொறியையே அறியாது நின்றதை யாம் கண்டதுண்டு. இத்தகைய மென்பொருள்களைத் தாம் ஆதரிப்பதில்லையென்றும், அவற்றால் விளையுங் கேட்டுக்குச் சிலவேளை இயங்குதளத்தை மீள நிறுவுவதன்றி வேறு வழியில்லையென்றும் மைக்ரோசொப்ட் அறிவித்துள்ளது. 2017இல் நிகழ்ந்தது அதனினுங் கொடிது. பெயர்பெற்ற 'சீகிளீனர்' மென்பொருளின் 5.33ஆம் பதிப்பினுள்ளே தீய நிரல் புகுத்தப்பட்டு, ஏறத்தாழ 22 இலட்சங் கணினிகளை அடைந்தது. துடைக்க வந்த துணியிலேயே அழுக்கு!

ஆயின் எவ்வளவு ஆழம் போகலாம்? தற்காலிகக் கோப்புக்கள், குப்பைத்தொட்டி, பழைய இற்றைப்படுத்தல்களின் எச்சங்கள் ஆகியவற்றை வின்டோஸின் சொந்தக் கருவிகொண்டே நீக்கலாம், இஃது வண்டல். 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்னுங் கோப்புறையைக் கையால் அழித்தல் ஆகாது; அதற்கு 'டிஸ்ம்' என்னுங் கட்டளைக் கருவி உண்டு. அக்கருவியோடு 'ரீசெற்பேஸ்' என்பதைச் சேர்த்து ஏவினால், முன்பு நிறுவிய இற்றைப்படுத்தல்களைப் பின்னர் விலக்கவியலாது. களிப்படை இங்கே தொடங்குகின்றது.

பதிவேட்டில் அறிந்த ஒரு பதிவை நீக்கவேண்டின், முதலில் அக்கிளையை வேறொரு கோப்பாக ஏற்றுமதி செய்து, மீட்புப் புள்ளியொன்றையும் அமைத்தல் வேண்டும். 'ரெக்பாக்' கோப்புறையிற் படி தானே இருக்குமென்னும் பழைய அறிவுரையை நம்புதல் கூடாது. 2018இல் வந்த 1803ஆம் பதிப்பு முதல் வின்டோஸ் அங்குத் தானாகப் படியெடுப்பதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இழந்து, படி தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் இம்மண்ணிற் பல. அவர்தம் பிள்ளைகளுக்குப் படியின் அருமையை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வேகக் குறைவுக்கோவெனின் காரணம் பெரும்பாலும் வேறிடத்தது. சுழலும் பழைய வன்தட்டை எடுத்துத் திண்மநிலைத் தட்டொன்றை இட்டாலே, பதிவேட்டில் ஓரெழுத்தும் மாறாமல், அதே கணினி விரைந்தெழும்.