மேதையைப் படைத்த மருத்துவர்

கதையில் ஒரு வீரனைப் படைப்பது எளிது. அவன் கையில் வாளைக் கொடுத்து, எதிரே பத்துப் பேரை நிறுத்தி, பத்துப் பேரையும் வீழ்த்திவிட்டால் போதும், படிப்பவர் நம்பிவிடுவர். மேதையைப் படைப்பதுதான் ஆசிரியனைத் திணற வைக்கும் வேலை. இவன் இணையற்ற அறிவாளி என்று நூறு முறை எழுதலாம். ஆனால் அந்த மேதை வாய் திறந்து பேசும்போது, அவன் பேச்சு எழுதுகிறவனுடைய அறிவின் எல்லையைத் தாண்டிச் செல்வதில்லை. சட்டியில் உள்ளதுதானே அகப்பையில் வரும்!

அரபு மொழியில் கதை புனைந்தோர் இந்தச் சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று ஆராயப் புகுந்தால், ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த ஒரு மருத்துவர் ஏனையோரை விஞ்சி நிற்பதைக் காண்கிறோம். அவரிடம் செல்லுமுன், மற்றவர்கள் நடந்த இரண்டு வழிகளைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆயிரத்தோர் இரவுகளில் தவத்துத் என்னும் அடிமைப் பெண்ணின் கதை வருகிறது. செல்வத்தை இழந்து வறியவனாகிவிட்ட தன் எஜமானிடம், கலீஃபா ஹாரூன் ரஷீதுக்குத் தன்னைப் பத்தாயிரம் தீனாருக்கு விற்றுவிடும்படி அவளே யோசனை கூறுகிறாள். அவ்வளவு விலைக்கு அவள் தகுதியானவள்தானா என்று சோதிக்க அறிஞர்கள் அழைக்கப்படுகின்றனர். மார்க்கச் சட்டம், குர்ஆன் கலை, மருத்துவம், வானநூல் என்று ஒவ்வொரு துறையிலும் கேள்விகள் எழுகின்றன. கேட்ட உடனே விடை வருகிறது. தோற்ற அறிஞர்கள் தம் மேலங்கிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செல்கின்றனர். நம் முன்னோர் விரும்பிப் படித்த நூறு மசலா போன்ற வினா-விடை நூல்களின் சுவையும் இத்தகையதே. படிக்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆயினும் தவத்துத் சிந்திப்பதை நாம் ஓரிடத்திலும் காண்பதில்லை. விடை அவள் நாவில் முன்னரே தயாராக இருக்கிறது. அவளை ஒரு நூலகம் என்று சொல்லலாம். மேதை என்று சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாவது வழி பஸராவின் ஹரீரி (1054–1122) மேற்கொண்டது. மத்ரஸாக்களில் ஓதிய எவரும் அவருடைய மகாமாத்தை மறக்க மாட்டார்கள். அதன் அருஞ்சொற்கள் மறக்க விடமாட்டா! அதன் நாயகன் அபூ ஸைத் ஸரூஜி ஊர் ஊராகத் திரிந்து, பேச்சுத் திறத்தாலேயே மக்களின் பணப்பையை அவிழ்க்கும் வித்தகன். அவனைப் பெரும் புலவன் என்று ஹரீரி வெறுமனே சொல்லிவிட்டுப் போகவில்லை. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் வாக்கியங்களையும், புள்ளியுள்ள எழுத்து ஒன்றுகூட இல்லாத முழுப் பிரசங்கத்தையும் உண்மையாகவே இயற்றி அவன் வாயில் வைக்கிறார். இது நேர்மையான வழி. எழுதுகிறவன் தன் கையிலிருந்தே விலை கொடுக்கிறான்.

ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மகாமாத்தை ஹரீரி எழுதவில்லை என்று பக்தாதில் சிலர் ஐயம் கிளப்பினர். அரசு அலுவலகத்தில் அவரை அமர்த்தி, அங்கேயே ஒன்று எழுதிக்காட்டும்படி கேட்டனர். அவர் காகிதத்துடன் ஒரு மூலையில் நெடுநேரம் அமர்ந்திருந்தும் ஒரு வரியும் எழாமல் வெட்கத்துடன் எழுந்து வந்தார் என்றும், ஊர் திரும்பிய பின் பத்து மகாமாக்களை எழுதி அனுப்பினார் என்றும் இப்னு கல்லிகான் தம் வரலாற்று நூலில் குறித்திருக்கிறார். அபூ ஸைத் சந்தையில் நின்ற நிலையில் பொழிந்ததை, அவனைப் படைத்தவர் தனித்திருந்து நாள் கணக்கில் செதுக்கியிருக்கிறார்! எழுதுகிறவனைவிட அறிவாளியாக ஒரு பாத்திரம் எப்படித் தோன்ற முடியும் என்பதன் இரகசியம் இங்கே வெளிப்படுகிறது. ஆசிரியனின் ஒரு மாதம் பாத்திரத்தின் ஒரு நொடியாகச் சுருங்கிவிடுகிறது.

இனி நம் மருத்துவரிடம் வருவோம். அபூபக்ர் முஹம்மத் இப்னு துஃபைல் கர்னாத்தாவுக்கு அண்மையிலுள்ள வாதி ஆஷில் பிறந்தவர். முவஹ்ஹிதீன் ஆட்சியாளர் அபூ யஃகூப் யூஸுஃபுக்கு (ஆட்சி 1163–1184) அரண்மனை மருத்துவராக விளங்கி, 1185இல் மர்ராகுஷில் மறைந்தார். ‘ஹய்யு இப்னு யக்ழான்’ என்பது அவர் எழுதிய கதை. ‘விழித்திருப்பவனின் மகன், உயிருள்ளவன்’ என்பது பெயரின் பொருள். இதே பெயரில் இப்னு ஸீனாவும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பெயரை அங்கிருந்து எடுத்தாரேயன்றிக் கதையை எடுக்கவில்லை.

நிலநடுக்கோட்டுக்கு அருகே, இந்தியாவைச் சேர்ந்த தீவுகளுள் ஒன்றில், மனிதர் எவருமின்றி ஒரு குழந்தை. அவன் அங்கே எப்படி வந்தான் என்பதற்கு இரண்டு விதமான கதைகளைச் சொல்லிவிட்டு ஆசிரியர் விரைந்து நகர்கிறார். குட்டியை இழந்த ஒரு பெண்மான் அவனுக்குப் பால் கொடுத்து வளர்க்கிறது. ஏழு வயதாகும்போது, விலங்குகளுக்குக் கொம்பும் வாலும் ரோமமும் இருக்கத் தனக்கு ஒன்றுமில்லையே என்று வருந்துகிறான். இலைகளைக் கோத்து உடுத்துகிறான். அவை உலர்ந்து உதிர்ந்துவிடுகின்றன. பின்னர் இறந்து கிடந்த ஒரு கழுகின் தோலையும் சிறகுகளையும் அணிந்துகொள்கிறான். மேதைமை இன்னும் தொடங்கவில்லை. தேவையும் வெட்கமும்தான் இருக்கின்றன.

தொடங்குவது மரணத்தில். தாய்மான் முதுமையடைந்து ஒரு நாள் அசைவற்றுப் போகிறது. அது வழக்கமாக மறுகுரல் கொடுக்கும் ஒலியால் அழைத்துப் பார்க்கிறான், பதிலில்லை. காதைப் பார்க்கிறான், கண்ணைப் பார்க்கிறான். எதிலும் பழுது தெரியவில்லை. இங்கேதான் இப்னு துஃபைலின் கைத்திறன் தெரிகிறது. சிறுவன் தன் கண்ணை மூடிக்கொள்கிறான், பார்வை நிற்கிறது. விரலால் காதை அடைக்கிறான், ஒலி நிற்கிறது. தடையை நீக்கினால் இரண்டும் திரும்புகின்றன. ஆகவே தாய்க்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறுப்பில் ஏதோ தடை நேர்ந்திருக்க வேண்டும். அதை நீக்கினால் அவள் எழுந்துவிடுவாள் என்று கருதுகிறான். அந்த உறுப்பு எங்கே? கை, கால், காது இன்றியும் வாழலாம் என்று எண்ண முடிகிறது. தன் நெஞ்சுக்குள் இருக்கும் ஒன்று இன்றி ஒரு கணம் இருப்பதையும் எண்ண முடியவில்லை. மிருகங்களோடு போராடும்போதும் நெஞ்சைத்தான் மிகவும் காத்துக்கொள்வது அவன் நினைவுக்கு வருகிறது.

நெஞ்சைப் பிளக்கத் தயங்குகிறான். பிளப்பதே கேடாக முடிந்துவிட்டால்? இந்த நிலைக்கு வந்த எந்த விலங்காவது தானே எழுந்ததுண்டா என்று எண்ணிப் பார்க்கிறான், இல்லை. விட்டுவிட்டால் நம்பிக்கையே இல்லை, பிளந்தால் சிறிதேனும் உண்டு. கூரிய கற்சில்லுகளையும் உலர்ந்த நாணல் சிம்புகளையும் கொண்டு விலாவைக் கீறுகிறான். முதலில் கிடைப்பது நுரையீரல். இதுதான் தேடியது என்று எண்ணுகிறான். பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டு, தேடும் உறுப்பு நடுவில் அல்லவா இருக்க வேண்டும் என்று மேலும் தேடி இருதயத்தை அடைகிறான். அதன் வலப்பக்க அறையில் உறைந்த குருதி. இடப்பக்க அறை வெறுமை. குருதியை அவன் பலமுறை இழந்திருக்கிறான், அதனால் உயிர் போனதில்லை. எனவே, இந்த வெற்று அறையில் குடியிருந்த ஒன்றுதான் புறப்பட்டுப் போயிருக்கிறது. தன் மீது அன்பு செலுத்திய தாய் அதுவேயன்றி இந்த உடலன்று என்று முடிவு செய்கிறான்.

கவனியுங்கள்: இந்த உடற்கூறு பிழையானது. உயிருள்ள இருதயத்தின் இடப்பக்க அறையிலும் குருதியே ஓடுகிறது. அக்கால மருத்துவர்கள் ஜாலீனூஸைப் பின்பற்றி, அங்கே உயிராவி இருப்பதாகக் கொண்டிருந்தனர். இப்னு துஃபைலும் அப்படியே எழுதினார். முடிவு பிழையாகியும் பாத்திரம் சரியவில்லை. ஏனெனில் நாம் நம்புவது அந்த விடையை அன்று. அவன் நடந்த நடையை. ஒவ்வோர் அடியிலும் நாமும் கூடவே நடந்திருக்கிறோம். இன்னும் ஒன்று: அவன் ஆராய்ச்சிக்காக ஆராயவில்லை. தாயை எழுப்புவதற்காகக் கத்தியெடுத்த பிள்ளை அவன். உடல் நாறத் தொடங்கியபோது அதை என்ன செய்வதென்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஒரு காக்கை தான் கொன்ற இன்னொரு காக்கைக்குக் குழி தோண்டுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். அல்மாயிதா அத்தியாயத்தில் ஆதமின் மகனுக்குக் காக்கை கற்பித்த பாடம் நினைவுக்கு வராத முஸ்லிம் இருக்க முடியாது. மனித குலத்தின் பெரும் சிந்தனையாளனாக வளரப்போகிறவனை ஒரு காக்கையின் முன் மாணவனாக நிறுத்த எவ்வளவு துணிவு வேண்டும்!

பின்னர் நெருப்பைக் காண்கிறான். கையைச் சுட்டுக்கொண்ட பிறகே கொள்ளியை எரியாத முனையில் பிடிக்கக் கற்கிறான். இருபத்தொரு வயதில் உடல்களை அறிகிறான், இருபத்தெட்டில் வானத்தை நோக்குகிறான். ஏழு ஏழு ஆண்டுகளாக வளரும் அறிவு அது. உலகம் தொன்றுதொட்டு இருப்பதா, இல்லாமையிலிருந்து தோன்றியதா என்ற கேள்வியில் பல ஆண்டுகள் முடிவு காண முடியாமல் தவிக்கிறான். இறுதியிலும் அதைத் தீர்த்துவிடவில்லை. இரண்டில் எதைக் கொண்டாலும் படைத்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும் என்பதைக் கண்டு அமைதியடைகிறான். தெரியவில்லை என்று ஆண்டுக்கணக்கில் இருக்கத் தெரிந்த மேதை கதைகளில் அரியவன்; வாழ்க்கையில் அப்படியன்று. இப்னு ஸீனா தம் வரலாற்றைத் தாமே சொல்லும்போது, அரிஸ்தோவின் மெய்ப்பொருள் நூலை நாற்பது முறை படித்தும் விளங்கவில்லை என்றும், கடைவீதியில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய ஃபாராபியின் நூல் ஒன்றால்தான் அது திறந்தது என்றும் கூறுகிறார்.

நம் மேடைகளிலும் வீடுகளிலும் இமாம்களின் வரலாறு சொல்லப்படும் விதத்தை எண்ணும்போது நமக்குச் சற்று வருத்தம் உண்டாகிறது. இமாம் ஷாஃபிஈ ஏழு வயதில் குர்ஆனை மனனம் செய்தார் என்று சொல்கிறோம். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கின்றன. காகிதம் வாங்க வழியின்றி எலும்புகளில் பாடம் எழுதி வைத்த ஏழைப் பிள்ளை அவர் என்பதை ஏன் விட்டுவிடுகிறோம்? முன்னதை மட்டும் கேட்ட பிள்ளை, இது நமக்கல்ல என்று கிதாபை மூடிவிடுகிறது. தவத்துதின் கதையைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்னு துஃபைலுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து இப்னுந் நஃபீஸ் (மறைவு 1288) இதே போன்ற கதை ஒன்றை எழுதினார். காமில் என்பவன் ஆளில்லாத் தீவில் தோன்றி, தன் சிந்தனையாலேயே இறுதி நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை எப்படி அமைய வேண்டும் என்பதுவரை அறிந்துகொள்கிறான். அந்த நூலின் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் பாத்திரம் என்ற அளவில் காமில் நம் மனத்தில் ஒட்டவில்லை. அவன் ஒரு முறையேனும் வழி தவறுவதில்லை. இத்தனைக்கும் இப்னுந் நஃபீஸ் தாமே மாபெரும் மேதை. ஜாலீனூஸின் கூற்றை மறுத்து, குருதி நுரையீரல் வழியாகவே வலப்பக்க அறையிலிருந்து இடப்பக்கத்துக்குச் செல்கிறது என்று 1242இல் எழுதியவர் அவர். இருதயத்தைச் சரியாக அறிந்தவரின் மேதையைவிட, பிழையாக அறிந்தவரின் மேதை உயிரோடு நடமாடுகிறான்!

ஹய்யுக்கு ஐம்பது வயதாகும்போது, தனிமையை நாடி அப்ஸால் என்ற பக்திமான் அத்தீவுக்கு வருகிறார். பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லி மொழி கற்பிக்கிறார். மார்க்கத்தைக் கேட்டறிந்த ஹய்யு அதை உண்மையென ஏற்கிறான். தான் கண்டதை மனிதர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று துடிக்கிறான். அவர்களின் இயல்பு அறிந்த அப்ஸால் எச்சரித்தும் கேட்கவில்லை. வழி தப்பி வந்த கப்பலில் ஏறி, ஸலாமான் தலைமை வகிக்கும் தீவுக்குச் சென்று பேசத் தொடங்குகிறான். பேசப் பேசக் கேட்போர் முகம் சுருங்குகிறது. மரியாதைக்காகப் புன்னகைத்தாலும் உள்ளம் விலகுகிறது. வானத்தின் சுழற்சியைத் தனியே கண்டறிந்தவனுக்கு எதிரே இருப்பவனின் முகக்குறிப்புத் தெரியாமற் போயிற்று. ஐம்பது ஆண்டுகள் மனித முகத்தையே காணாதவனுக்கு அது எப்படித் தெரியும்? இறுதியில் தன் பேச்சுக்காக ஸலாமானிடமும் தோழர்களிடமும் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் நின்ற மார்க்க வரம்பிலேயே நிற்கும்படி சொல்லிவிட்டு, அப்ஸாலுடன் தன் தீவுக்குத் திரும்பிவிடுகிறான்.

இந்த முடிவை ஆசிரியர் வெறும் கற்பனையால் எட்டினார் என்று நாம் கருதவில்லை. மேதை ஒருவரை அவர் அருகிலிருந்து பார்த்தவர். இளைய அறிஞர் இப்னு ருஷ்தை ஆட்சியாளரிடம் அழைத்துச் சென்றவர் அவரே. வானம் தொன்மையானதா, படைக்கப்பட்டதா என்பதில் தத்துவ அறிஞர்களின் கருத்து என்ன என்று ஆட்சியாளர் கேட்டதும், இப்னு ருஷ்து அஞ்சி, தத்துவம் தமக்குத் தெரியவே தெரியாது என்று மறுத்துவிட்டார். ஆட்சியாளர் இப்னு துஃபைலின் பக்கம் திரும்பி அவரோடு அதே பொருளைத் தாராளமாக விவாதிக்கத் தொடங்கிய பிறகே அவருக்கு நா எழுந்தது. மர்ராகுஷி இதை 1224இல் எழுதிய தம் நூலில் பதிந்திருக்கிறார். ஹய்யு பல ஆண்டுகள் தவித்த கேள்வியும் இதுவே.

1195இல், அடுத்த ஆட்சியாளர் காலத்தில், இப்னு ருஷ்தின் தத்துவ நூல்கள் தீயிடப்பட்டு, அவர் குர்துபாவிலிருந்து லூஸேனா என்னும் சிற்றூருக்கு வெளியேற்றப்பட்டார். அவரை அரசவைக்கு அழைத்துச் சென்ற மருத்துவர் இறந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.