டாப் ஸ்பீடு காலம் முடிஞ்சுதா? அடுத்த 5 ஆண்டுகளில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பைக்குகள் எப்படி மாறப்போகின்றன?

திருவேற்காடு, ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை வந்துவிடும். அந்தச் சாலைக்கு இன்னொரு சிறப்பும் இருக்கு. இந்தியாவின் அடுத்த தலைமுறை பைக்குகளில் பல, இந்த ஒரே சாலையை ஒட்டித்தான் உருவாகின்றன.

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் ஆலை வைத்திருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா. ஓசூரில் டிவிஎஸ். சாலை முடியும் பெங்களூருவில் அல்ட்ராவயலெட். தொடங்கும் சென்னையில் ராப்டீ என்ற எலக்ட்ரிக் பைக் நிறுவனம்.

இன்றைக்கு இரண்டரை, மூன்று லட்சம் ரூபாய்க்கு இஎம்ஐ போட்டு ஒரு பைக் எடுத்தால், கடன் முடியும்போது 2030 நெருங்கிவிடும். அதற்குள் அந்த வண்டி பழசாகிப் போகுமா? பெட்ரோல் பைக் வாங்குவதா, எலக்ட்ரிக் வாங்குவதா? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• டாப் ஸ்பீடு போட்டி உலக அளவில் எப்போதோ ஓய்ந்துவிட்டது. இனி போட்டி கன்ட்ரோலில்.
• பெட்ரோல் என்ஜின் உடனே சாகாது. ஆனால் சின்னதாகும்.
• எலக்ட்ரிக் பைக் பிக்கப்பில் ஜெயித்துவிட்டது. நெடுஞ்சாலை தூரத்தில் இன்னும் ஜெயிக்கவில்லை.
• இந்தியாவில் எந்த பைக் ஓடும் என்பதை என்ஜினோடு சேர்ந்து ஜிஎஸ்டியும் முடிவு செய்யும்.

டாப் ஸ்பீடு போட்டி ஏன் நின்றது?

1999-ல் சுசுகி ஹயபூசா வந்தது. மணிக்கு 300 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. இப்படியே போனால் அரசுகள் தடை போட்டுவிடும் என்ற பயம் ஜப்பான், ஐரோப்பிய நிறுவனங்களுக்கு வந்தது. சாலையில் ஓடும் பைக்குகளின் வேகத்தை 299-க்குள் நிறுத்திக்கொள்வோம் என்று தங்களுக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

அதற்கு மேல் போக முடியாது என்பதில்லை. 2015-ல் ரேஸ் டிராக்குக்காக மட்டும் வந்த கவாசாகி நின்ஜா எச்2ஆர், சூப்பர்சார்ஜர் உதவியோடு சுமார் 310 குதிரைத்திறன் கொடுத்தது. ஆனால் அதைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது.

இதில் ஒரு இயற்பியல் கணக்கும் இருக்கு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளிக்கொண்டு போக எட்டு மடங்கு சக்தி வேண்டும். கடைசி 20, 30 கி.மீ. வேகத்துக்காகக் கொட்டும் பணமும் பெட்ரோலும் நடைமுறையில் யாருக்கும் பயன்படுவதில்லை.

பெட்ரோல் என்ஜின் என்ன ஆகும்?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் ரேஸ் டிராக்கைப் பார்க்கணும். இன்றைக்கு ரேஸில் வருவது சில வருஷத்தில் ஷோரூமுக்கு வரும்.

மோட்டோஜிபி பந்தயங்களில் 2027 முதல் என்ஜின் அளவு 1,000 சிசியிலிருந்து 850 சிசியாகக் குறைகிறது. காற்றை வைத்து வண்டியைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளுக்கும் கட்டுப்பாடு வருகிறது. ஓடும்போதே வண்டியின் உயரத்தைக் குறைக்கும் கருவிகளுக்குத் தடை. பூமிக்கடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய் சேராத எரிபொருள்தான் முழுக்க முழுக்கப் பயன்படுத்த வேண்டும். 2024 முதல் இது 40 சதவீதமாக இருந்தது.

அதாவது, உலகின் உச்சக்கட்ட பைக் பந்தயமே ‘என்ஜின் வேண்டாம்’ என்று சொல்லவில்லை. ‘என்ஜின் சின்னதாகட்டும், எரிபொருள் மாறட்டும்’ என்கிறது.

சின்ன என்ஜினிலிருந்து பெரிய சக்தி எடுக்கும் வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஹோண்டா 2024 நவம்பரில் மிலன் கண்காட்சியில் மூன்று சிலிண்டர் என்ஜின் ஒன்றைக் காட்டியது. அதில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரசர், மின்சாரத்தில் ஓடுகிறது. கவாசாகி 2023-ல் பெட்ரோல் என்ஜினும் மோட்டாரும் சேர்ந்த நின்ஜா 7 ஹைபிரிட் பைக்கை அறிமுகம் செய்தது. ஹைட்ரஜனை எரித்து ஓடும் பைக்கையும் 2024 ஜூலையில் சுசூகா டிராக்கில் ஓட்டிக் காட்டியது. ஆனால் ஹைட்ரஜன் டேங்க் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். நம்ம ஊர் சாலைக்கு அது சீக்கிரம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜிஎஸ்டி போட்ட 350 சிசி கோடு

உலகத்தில் என்ன நடந்தாலும், இந்தியாவில் விலைதான் ராஜா. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது.

• 350 சிசி வரை: 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.
• 350 சிசிக்கு மேல்: செஸ் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது, 40 சதவீதமாக உயர்ந்தது.
• எலக்ட்ரிக்: 5 சதவீதம். மாற்றமில்லை.

ஒரு சிசி கூடினால் வரி இரண்டு மடங்குக்கு மேல்! 349 சிசி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் கோட்டுக்கு இந்தப் பக்கம். அதே நிறுவனத்தின் 452 சிசி ஹிமாலயனும் 650 சிசி பைக்குகளும் அந்தப் பக்கம். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-ன் என்ஜின் 312 சிசி. அதனால் தப்பித்தது. 2025 அக்டோபரில் வந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300-ம் இதே வரிசை.

இதன் விளைவு என்ன? அடுத்த சில ஆண்டுகளில் இந்திய நிறுவனங்களின் மூளை முழுக்க 350 சிசிக்குள் எவ்வளவு சக்தி எடுக்கலாம் என்பதில்தான் இருக்கும். ஆர்ஆர் 310 இப்போதே 38 பிஎஸ் சக்தி தருகிறது. முன்பக்கம் காற்றை வைத்து வண்டியைத் தரையோடு அழுத்தும் சின்ன இறக்கைகளும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. சில வருஷம் முன்பு வரை இதெல்லாம் பல லட்ச ரூபாய் வெளிநாட்டு பைக்கில் மட்டும் பார்த்த விஷயம்.

பெரிய பைக் ஆசையை நம்ம ஊர் நிறுவனங்கள் விட்டுவிடவும் இல்லை. பிரிட்டனின் பழைய நிறுவனமான நார்ட்டனை 2020 ஏப்ரலில் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2025 நவம்பரில் 1,200 சிசி வி4 என்ஜினோடு ‘மான்க்ஸ் ஆர்’ என்ற நார்ட்டன் சூப்பர்பைக்கை மிலனில் காட்டினார்கள்.

எலக்ட்ரிக் பைக்: பிக்கப் செம... ஆனா தூரம்?

பெட்ரோல் என்ஜின் முழு இழுவையைக் காட்ட, அதன் சுழற்சி ஓரளவு ஏற வேண்டும். மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆக்சிலரேட்டரைத் திருகிய உடனே முழு இழுவையும் வந்துவிடும். அதனால்தான் சிக்னலில் எலக்ட்ரிக் பைக் முந்துகிறது. அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2, நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்தை 2.8 விநாடியில் தொடும் என்கிறது நிறுவனம். டாப் ஸ்பீடு 155.

பிரச்சினை பேட்டரியில். இதைப் புரிந்துகொள்ள நம்ம ஈபி பில்லில் வரும் ‘யூனிட்’ கணக்கே போதும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கு. டுகாட்டி நிறுவனம் எலக்ட்ரிக் ரேஸுக்காகச் செய்த பைக்கில் 18 யூனிட் பேட்டரி. அதன் எடை மட்டும் 110 கிலோ. ஆற்றல் கணக்கில் அது வெறும் 2 லிட்டர் பெட்ரோல்! பெட்ரோல் என்ஜின் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கும், மோட்டார் மிகக் கொஞ்சமே வீணடிக்கும். அந்தச் சலுகையைக் கொடுத்தாலும் 6 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஒரு சாதாரண பைக் டேங்கில் பாதி.

சென்னையின் ராப்டீ 2024 அக்டோபரில் ‘டி30’ பைக்கை 2.39 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகம் செய்தது. பேட்டரி 5.4 யூனிட், டாப் ஸ்பீடு 135. சோதனைக் கணக்கில் 200 கி.மீ., நிஜ ஓட்டத்தில் 150 கி.மீ. போகும் என்று நிறுவனமே இரண்டு கணக்கு சொல்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? அந்தச் சோதனை குறைந்த வேகத்தில் நடப்பது. நெடுஞ்சாலையில் வேகம் ஏற ஏற, மேலே பார்த்த காற்றுக் கணக்கு வேலையைக் காட்டிவிடும்.

திருவேற்காட்டிலிருந்து வேலூர் சுமார் 120 கி.மீ. இந்த ரகத்தில் ஒரு பைக்கை நிதானமாக ஓட்டினால் போய்ச் சேரலாம். முறுக்கிக்கொண்டே போனால் வழியில் சார்ஜரைத் தேட வேண்டி வரலாம். திரும்பி வர எப்படியும் சார்ஜ் போட்டாகணும்.

ராப்டீயிடம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. கார்களில் இருப்பதுபோல உயர் வோல்டேஜ், அதாவது 240 வோல்ட் அமைப்பு. அதனால் எலக்ட்ரிக் கார்களுக்கான சிசிஎஸ்2 ஃபாஸ்ட் சார்ஜரிலேயே பிளக் போடலாம். நெடுஞ்சாலை ஹோட்டல்களில் கார்களுக்காக வைக்கும் சார்ஜர் பைக்குக்கும் உதவும் என்றால், பெரிய பேட்டரி இல்லாமலே தூரப் பயணம் சாத்தியம். வரும் ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் இந்தப் பக்கம் வருகின்றனவா என்று பார்க்கணும்.

உலகச் சந்தை இன்னும் தயங்குகிறது என்பதும் உண்மை. மோட்டோஇ எலக்ட்ரிக் ரேஸ், 2025 சீசனோடு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பந்தயத்துக்கு முதலில் பைக் கொடுத்த இத்தாலியின் எனர்ஜிக்கா 2024 அக்டோபரில் திவாலானது. அதே சமயம், 2025 செப்டம்பரில் டுகாட்டியும் ஃபோக்ஸ்வாகன் குழுமமும் மியூனிக்கில் திட நிலை பேட்டரி பொருத்திய பைக்கைக் காட்டின. 10-லிருந்து 80 சதவீதம் சார்ஜ் ஏற சுமார் 12 நிமிடம் போதும் என்கிறார்கள். டீ குடித்து முடிக்கும் நேரம்! இது ஷோரூமுக்கு வரும் நாளில் ஆட்டம் மாறும்.

உயிரைக் காப்பாற்றப் போவது எலக்ட்ரானிக்ஸ்

அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான மாற்றம் இதுதான்.

டயரின் கிரிப் என்பது மாதச் சம்பளம் மாதிரி. வாடகைக்கு அதிகம் போனால் மளிகைக்குக் குறையும். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது கிரிப்பில் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடும். அந்த நேரத்தில் பயந்து முழு பிரேக் அடித்தால் டயர் வழுக்கும். சாதாரண ஏபிஎஸ்-க்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது.

‘கார்னரிங் ஏபிஎஸ்’ வண்டியில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். வண்டி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கு, முன்பக்கம் அமுங்குதா என்பதை நொடிக்குப் பலமுறை அளந்து, அதற்கேற்ப பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். முதலில் விலை உயர்ந்த ஐரோப்பிய பைக்குகளில் வந்தது. இன்று கேடிஎம் 390 டியூக், டிவிஎஸ் ஆர்டிஆர் 310 வரை இறங்கிவிட்டது. 310-ல் இது கூடுதல் கட்டணம் கொடுத்து வாங்கும் வசதி.

ரேடாரும் இறங்கி வருகிறது. பின்னால் வேகமாக வரும் லாரியை எச்சரிக்கும் ரேடார், 2025 செப்டம்பரில் அறிமுகமான அல்ட்ராவயலெட் எக்ஸ்-47 பைக்கில் வந்தது. கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் ‘இ-கிளட்ச்’, 2025 மே மாதம் ஹோண்டாவின் 650 சிசி பைக்குகளில் இந்தியாவுக்கு வந்தது. மதுரவாயல் டிராஃபிக்கில் இடது கை வலிக்க நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். எல்லா அளவு பைக்குகளுக்கும் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய அரசு 2025 ஜூனில் வெளியிட்டது. இதற்குக் காரணம் இருக்கு. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1.68 லட்சம் பேரில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள்.

அம்பத்தூருக்கு என்ன ஆகும்?

எலக்ட்ரிக் பைக்கில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கார்புரேட்டர் இல்லை, என்ஜின் ஆயில் இல்லை. பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸும் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்கும், தெருமுனை மெக்கானிக்குக்கும் இது வயிற்றுப் பிரச்சினை. பிரேக், சஸ்பென்ஷன், சேஸிஸ், வயரிங் செய்பவர்களுக்கு வேலை தொடரும். என்ஜின் பாகம் மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு, 350 சிசிக்குள் பெட்ரோல் பைக்குகள் தாக்குப்பிடிக்கும் வருடங்கள்தான் மாறிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம்.

இப்போ வாங்கலாமா, காத்திருக்கலாமா?

• தினமும் 40, 50 கி.மீ. ஆபீஸ் ஓட்டம், வீட்டில் சார்ஜ் போட இடம் இருக்கு: எலக்ட்ரிக் இப்போதே சரி வரும். பேட்டரி வாரண்டியை எழுத்தில் வாங்குங்க. சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று பாருங்க.
• மாதம் இருமுறை ஏலகிரி, ஏற்காடு போகிறவர்: 350 சிசிக்குள் பெட்ரோல் பைக். குறைந்தது 5 ஆண்டுகளுக்குக் கவலை வேண்டாம்.
• பணம் கொஞ்சம் கூட இருந்தால்: 10 குதிரைத்திறன் அதிகம் உள்ள வண்டியைவிட, கார்னரிங் ஏபிஎஸ் உள்ள வண்டிக்குக் கொடுங்க.
• அபார்ட்மென்ட், சார்ஜிங் வசதி இல்லை: அசோசியேஷனிடம் முதலில் பேசிவிட்டு முன்பணம் கட்டுங்க.

வேகத்தை எங்கே காட்டுவது?

நான்குவழிச் சாலையில்கூட பைக்குக்கு மத்திய அரசு வகுத்த உச்சவரம்பு மணிக்கு 80 கி.மீ. தான். பொது இடத்தில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை. 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

ஆசை அடங்காதவர்களுக்கு சட்டப்படி ஓர் இடம் இருக்கு. திருவேற்காட்டிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். 3.7 கி.மீ. நீளம். 1990 முதல் இயங்குகிறது. டிவிஎஸ் தன் எலக்ட்ரிக் ரேஸ் பைக்கான அப்பாச்சி ஆர்டிஇ-யை இங்கே ஓட்டியிருக்கிறது. பைக் ரேஸ் பயிற்சிப் பள்ளிகளும் இங்கே நடந்திருக்கின்றன. டிராக்கிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் இங்கே நடந்த போட்டியில் 13 வயது வீரர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே ஹெல்மெட், லெதர் சூட், ஆம்புலன்ஸ், எதிரே யாரும் வராத பாதை எல்லாம் இருந்தும் அப்படி. அவுட்டர் ரிங் ரோட்டில் இதில் ஒன்றுகூட கிடையாது.