மொய் பிறந்த கதை

வெல்லத்தை எறும்பு மொய்க்கும். பலாச்சுளையை ஈ மொய்க்கும். தெருவில் ஐஸ்காரர் மணி அடித்தால் பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள். ஆனால் காலை எட்டு மணிப் பேருந்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிற கூட்டம் மொய்க்கிறது என்று யாரும் சொல்வதில்லை, அது நெரிசல். மொய்ப்பதற்கு நடுவில் ஒன்று வேண்டும். நாலா பக்கத்திலிருந்தும் வந்து அதைச் சூழ வேண்டும். பார்வைகூட மொய்க்கும், ஒரே முகத்தின்மேல் குவியும்போது.

பழந்தமிழில் இந்தச் சொல்லுக்கு வேலை இன்னும் அதிகம். அகராதியைப் புரட்டினால் கூட்டம், நெருக்கம், வலிமை, போர், வண்டு என்று பொருள்கள் நீளும். மொய்ப்பது வண்டு, ஆகவே வண்டே மொய். படைகள் நெருங்கிக் கலப்பது போர், ஆகவே போரும் மொய். அடர்ந்த கூந்தல் மொய்குழல். வலிமையைக் குறிக்கும் 'மொய்ம்பு' இடனறிதல் அதிகாரத்தில், 492ஆம் குறளில் இருக்கிறது.

கல்யாண வீட்டில் எழுதுகிற மொய்ப்பணம் இதிலிருந்தா வந்தது? ஆம் என்று சொல்லிவிடுவது எளிது: உறவும் ஊரும் வந்து மொய்க்கும்போது தரும் பணம் மொய். கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கன்னடத்தையும் கேட்க வேண்டும். அங்கே 'முய்யி' என்றொரு சொல் உண்டு. விசேஷ வீட்டில் வைக்கும் அன்பளிப்புக்கும் அதுதான் பெயர். செய்ததற்குப் பதில் செய்வதற்கும் அதுதான் பெயர். பழிக்குப் பழி வாங்குவதுகூட முய்யிதான். நல்லதோ கெட்டதோ, வாங்கியது திரும்பிப் போக வேண்டும் என்பதே அதன் உயிர். நம் மொய்ப்பணம் இந்தக் குடும்பத்தில் பிறந்தது என்றே நான் எண்ணுகிறேன். கூட்டம் என்ற பொருள் ஒலி ஒற்றுமையால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படி எண்ணக் காரணம் மொய் நோட்டு. வெறும் அன்பளிப்பு என்றால் நோட்டு எதற்கு? பந்தலின் வாசலில் மேசை போட்டு, கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவரை உட்காரவைத்து, ஊர், பெயர், தொகை என்று எழுதுகிறார்களே, அது நன்றி சொல்வதற்கு அல்ல. நாளை அவர் வீட்டில் காதுகுத்து வந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு. 500 எழுதியவருக்கு 500 மட்டும் திருப்பினால் கணக்கு முடிந்தது என்று பொருள்; உறவையும் முடித்துக்கொள்கிறார்களோ என்ற பேச்சுகூட எழும். அதனால் கொஞ்சம் கூட்டியே எழுதுவார்கள். இப்போது கடன் மறுபக்கம் போய்விட்டது. யாராவது ஒருவர் எப்போதும் கடன்பட்டிருப்பதால்தான் போக்குவரத்து அறுவதில்லை.

வங்கி எட்டிப் பார்க்காத ஊர்களில் இது பெரிய ஏற்பாடு. மகள் கல்யாணச் செலவில் ஒரு பங்கு அன்றைக்கே கைக்கு வந்துவிடும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஊர் பார்க்க எழுதிய எழுத்துதான் ஜாமீன்.

கல்யாணமே இல்லாமல் மொய்க்காக மட்டும் விருந்து வைப்பது இதன் அடுத்த பிறப்பு. நொடித்துப்போன ஒருவரைத் தூக்கிவிட ஊர் கூடிச் சாப்பிட்டு, இலைக்கடியில் பணம் வைத்துவிட்டுப் போகும் காட்சியை 1992இல் வந்த 'சின்னக் கவுண்டர்' படம் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் அது ஆடி மாதத்து வழக்கமாகவே வேர்விட்டிருக்கிறது. பலர் சேர்ந்து ஒரே பந்தலில், ஒரே கறிவிருந்தில் மொய் வாங்குவார்கள். செலவு பங்காகிவிடும். ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க ஐந்து ஆண்டு ஆகும். இடைப்பட்ட ஆண்டுகளில் வாங்கியதை ஒவ்வொருவருக்காகத் திருப்ப வேண்டும். வந்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்கள், தொழில் தொடங்கியவர்கள் உண்டு. 2019இல் வடகாட்டில் ஒரே விவசாயிக்கு 4 கோடி ரூபாய் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. தொகையைப் பார்த்து ஊரே வாய்பிளந்தது. அவ்வளவையும் அவர் திருப்ப வேண்டும் என்பதை வெளியூர்க்காரர்கள் கவனிக்கவில்லை.

அதற்கு முந்தைய நவம்பரில்தான் கஜா புயல் இதே ஊர்களின் தென்னைகளைச் சாய்த்திருந்தது. தேங்காய் வருமானம் போனால் எழுதும் கை சுருங்கும். எழுதிய பணத்தை நம்பியிருந்தவரின் கணக்கும் ஆடும். இந்த ஏற்பாட்டின் ஆபத்து அதுதான். எல்லோரும் ஒரே மண்ணை நம்பியிருக்கும்போது நொடிப்பும் எல்லோருக்கும் ஒன்றாகவே வருகிறது. அடுத்து வந்த கொரோனா ஆண்டுகளில் பந்தலும் போடமுடியாமல் போயிற்று.

இன்று பல இடங்களில் கணினியில் பதிந்து ரசீது தருகிறார்கள், பணம் எண்ணும் இயந்திரம் வைக்கிறார்கள். ஆனாலும் அப்பா காலமானபின் பிள்ளைகள் நிலத்தைப் பிரிக்கும்போது மொய் நோட்டையும் எடுத்துவைத்து, யாருக்கு யார் செய்வது என்று பெயர் பெயராகப் பிரித்துக்கொள்கிறார்கள்.