டோனர் கணவாயும் ஒரு டப்பா புளியோதரையும்

கிறிஸ்துமஸ் லீவுல சேர்ந்தாப்புல நாலு நாள் கிடைச்சா, சான் ஓசே பக்கம் பொட்டி தட்டற நம்மாளுங்க பலர் கிளம்பற இடம் லேக் டாஹோ. நாங்களும் கிளம்பினோம். நான், தங்கமணி, நாலு வயசுப் பொண்ணு, ஒன்றரை வயசுப் பையன். பொண்ணு இதுவரைக்கும் பனியைப் பார்த்ததே இல்லை. "அப்பா, ஸ்னோமேன் மூக்குக்கு கேரட் எடுத்தாச்சா?"னு வீட்டைப் பூட்டறதுக்குள்ள மூணு தடவை கேட்டுட்டா.

ஐ-80 சாலையில சாக்ரமெண்டோ தாண்டினதும் மழை. மலை ஏற ஏற அதுவே பனி. சக்கரத்துக்குச் சங்கிலி இல்லாத வண்டிகளை மேல விடலை. எங்கிட்ட சங்கிலி இருந்துச்சு, மாட்டத்தான் தெரியாது :-) ஒருவழியா மாட்டி முடிச்சா, மேல சாலையையே மூடிட்டாங்க. அப்போ போன்ல இருந்த மேப் ஒரு மலைக்கிளைச் சாலையைக் காட்டி, இப்படிப் போனா சீக்கிரம் போயிடலாம்னு ஆசை காட்டுச்சு. நான் இண்டிகேட்டரைப் போட்டேவிட்டேன். தங்கமணி திரும்பிப் பின்சீட்டைப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "ஏங்க, இதுங்க ரெண்டையும் வெச்சுக்கிட்டு இருட்டுல தெரியாத ரோட்லயா?"

இண்டிகேட்டரை அணைச்சுட்டு, கீழ இறங்கி ஆபர்ன்ல ஒரு ரூம் போட்டோம். ராத்திரிச் சாப்பாடு, கையில கொண்டு போயிருந்த புளியோதரை. பசங்க தூங்கினதும், எங்களால தாண்ட முடியாத அந்தக் கணவாயோட கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். விடிஞ்சதுதான் தெரியும். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

டோனர் கணவாய். ஏழாயிரம் அடிக்கு மேல உயரம். இந்தப் பேரைக் கேட்டதும் அமெரிக்கர்களுக்கு ஞாபகம் வர்றது ஒரே விஷயம்: பனியில மாட்டி மனுஷ மாமிசம் சாப்பிட்ட கூட்டம். அது நடந்தது உண்மை. ஆனா படிக்கப் படிக்க எனக்கு வேற ஒண்ணுதான் உறைச்சுது. அந்த 87 பேர்ல ஏறக்குறைய பாதி 18 வயசுக்குக் கீழ. அதாவது, புள்ளகுட்டிங்களோட கிளம்பின அப்பா அம்மாக்களோட கதை இது.

1846 ஏப்ரல்ல இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட்ல இருந்து ஜார்ஜ் டோனர், அவர் சகோதரர் ஜேக்கப் டோனர், ஜேம்ஸ் ரீட் மூணு பேரும் குடும்பத்தோட கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினாங்க. மத்த குடும்பங்க வழியில வந்து சேர்ந்துக்கிட்டாங்க. ரீட் நல்ல வசதியானவர். மனைவி மார்கரெட்டுக்கு அடிக்கடி மண்டையைப் பிளக்கற தலைவலி. அவங்க சௌகரியத்துக்காக ஸ்பிரிங் வெச்ச சீட்டு, உள்ளேயே அடுப்புன்னு ஒரு பெரிய வண்டி செஞ்சதா மூத்த மக விர்ஜீனியா பின்னாடி எழுதியிருக்காங்க. குழந்தைங்க பொறந்ததும் நாம மினிவேன் வாங்கற மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ்னு ஒருத்தர் 1845-ல கலிஃபோர்னியாவுக்கு வழிகாட்டிப் புத்தகம் போட்டிருந்தார். கிரேட் சால்ட் லேக்குக்குத் தெற்கால ஒரு குறுக்குவழி இருக்குன்னு அதுல ஒரு வரி. அதை எழுதினப்போ அவரே அந்த வழியில போனதில்லை. டெஸ்ட் பண்ணாத கோடை நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தற ஆசாமி, நம்ம துறைக்கு வந்திருந்தா மேனேஜர் ஆகியிருப்பார் :-)

எச்சரிக்கை வராமலும் இல்லை. ஜேம்ஸ் கிளைமன், மலைகளை நல்லாத் தெரிஞ்சவர், ரீடோட பழைய பழக்கம். அந்தக் குறுக்குவழியில ஹேஸ்டிங்ஸோட குதிரையில எதிர்த்திசையா அப்பத்தான் வந்திருந்தார். லாரமி கோட்டையில ரீடைப் பார்த்து, வழக்கமான தடத்திலேயே போங்க, வண்டி அங்க போகாதுன்னு சொன்னார். கிட்டத்துல வழி இருக்கறப்போ எதுக்குச் சுத்தணும்னு ரீட் கேட்கலை.

அவர் முட்டாள் இல்லை. பனி விழறதுக்குள்ள மலையைத் தாண்டணும், நாள் ஓடுது, வண்டியில குழந்தைங்க. நேரத்தை மிச்சம் பிடிக்க நினைச்சதே குடும்பத்துக்காகத்தான். இண்டிகேட்டர் போட்ட எனக்கு அந்த மனசு நல்லாவே புரியுது.

நடந்தது வேற. வாசாட்ச் மலையில மரத்தை வெட்டி வெட்டி அவங்களே பாதை போட வேண்டியதாச்சு. உப்புப் பாலைவனம் 40 மைல்னு ஹேஸ்டிங்ஸ் சொன்னது 80 மைலா இருந்துச்சு. தண்ணியில்லாம மாடுங்க செத்துச்சு, ஓடிப்போச்சு. செப்டம்பர் கடைசியில பழைய தடத்துல வந்து சேர்ந்தப்போ தெரிஞ்சுது, குறுக்குவழிதான் நீளம். அக்டோபர்ல ஒரு வண்டித் தகராறுல ரீட் கத்தியால குத்தி ஒருத்தர் செத்துட்டார். ரீடைக் கூட்டத்தை விட்டு விரட்டிட்டாங்க. மார்கரெட் நாலு குழந்தைங்களோட தனியா நின்னாங்க. விர்ஜீனியாவுக்கு 13, பேட்டிக்கு 8, ஜேம்ஸுக்கு 5, டாமிக்கு 3.

நவம்பர் தொடக்கத்துல கணவாய்க்குக் கீழ இருக்கற ஏரிக்கு வந்தாங்க. பனி வழியை மூடிடுச்சு. ஏறிப் பார்த்தாங்க, முடியலை. ஏரிக்கரையில சுமார் 60 பேர், சில மைல் தள்ளி ஆல்டர் கிரீக்ல டோனர் குடும்பங்களோட 21 பேர். மாட்டுத்தோலைக் கொதிக்க வெச்சு, பசை மாதிரி வர்றதைக் குடிச்சாங்க.

டிசம்பர் 16-ல 17 பேர் பனிக்காலணி கட்டிக்கிட்டு உதவி தேடிக் கிளம்பினாங்க. ரெண்டு பேர் திரும்பிட்டாங்க. மிச்சம் 15-ல பிழைச்சது 7, அதுல 5 பேர் பெண்கள். செத்தவங்க மாமிசத்தைச் சாப்பிட்டது முதல்ல இங்கதான். கோட்டையில இருந்து உணவோட உதவிக்கு வந்திருந்த லூயிஸ், சால்வடோர்ங்கற ரெண்டு பூர்வகுடி இளைஞர்களைச் சுட்டும் கொன்னாங்க. உதவ வந்தவங்களுக்கு இந்தக் கதி. கூட்டத்தோட சோகத்தைப் பேசறவங்க இதைப் பெரும்பாலும் தாண்டிப் போயிடறாங்க.

இப்போ அந்தக் கிறிஸ்துமஸ். கொஞ்சம் உலர்ந்த ஆப்பிள், கொஞ்சம் பீன்ஸ், மாட்டுக்குடல் கொஞ்சம், சின்னத் துண்டு பன்றி இறைச்சி. இவ்வளவையும் வாரக்கணக்கா பிள்ளைங்க கண்ணுல படாம மார்கரெட் ஒளிச்சு வெச்சிருந்தாங்க. அன்னிக்கு எடுத்துச் சமைச்சாங்க. பானை கொதிக்கறதைப் பசங்க சுத்தி நின்னு பார்த்தாங்களாம். மெதுவாச் சாப்பிடுங்க, எல்லாருக்கும் இருக்குன்னு அம்மா சொன்னதை விர்ஜீனியா கடைசிவரை மறக்கலை. இதைப் படிச்சப்போ மேசை மேல காலியா இருந்த புளியோதரை டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

பிப்ரவரி 18-ல முதல் மீட்புக்குழு வந்துச்சு. கிளம்பின கொஞ்ச தூரத்துலயே பேட்டியாலும் டாமியாலும் நடக்க முடியலை. ரெண்டு பேரையும் திரும்ப ஏரிக்கே அனுப்பணும். மார்கரெட் ரெண்டு பிள்ளைங்களைக் காப்பாத்த ரெண்டு பிள்ளைங்களை விட்டுட்டு நடக்கணும். நாம இனி பார்க்கலைன்னாலும் நீங்க உங்களால ஆனதைச் செய்யுங்கம்மான்னு அம்மாவுக்கு ஆறுதல் சொன்னது எட்டு வயசு பேட்டி.

விரட்டப்பட்ட ரீட் என்ன ஆனார்? தனியா மலையைத் தாண்டி, நவம்பர்லயே உணவோட திரும்பி வரப் பார்த்தார். பனி விடலை. மெக்சிகோவோட போர் நடந்ததால ஆளும் கிடைக்கலை. பணம் திரட்டி ஆள் சேர்த்து பிப்ரவரியில கிளம்பினவர், வழியில மார்கரெட்டைப் பார்த்தார். நிக்காம மேல போய் மார்ச் 1-ல ஏரியை அடைஞ்சார். பேட்டியும் டாமியும் உயிரோட இருந்தாங்க. பத்திரமா வந்து சேர்ந்ததுக்கு அப்புறம்தான், பேட்டி துணிக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வந்த குட்டி மரப்பொம்மை வெளிய வந்துச்சு. அது பின்னாடி சாக்ரமெண்டோவில இருக்கற சட்டர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துச்சு.

87 பேர்ல சுமார் 40 பேர் செத்தாங்க. மலையில ஒருத்தரைக்கூட இழக்காத குடும்பம் ரெண்டே ரெண்டு, ரீட் குடும்பமும் பிரீன் குடும்பமும். இறந்தவங்கள்ல பெண்களைவிட ஆண்கள் ரொம்ப அதிகம். தனியா வந்த திடகாத்திரமான இளைஞர்கள் பெரும்பாலும் செத்துட்டாங்க. குடும்பம்னா சுமைன்னு கணக்குப் போட்டா, கணக்கு தப்பு. ஆனா அஞ்சு வயசுக்குக் கீழ இருந்த குழந்தைங்க நிறைய செத்ததும் அதே கணக்குலதான் இருக்கு.

அதுக்கப்புறம் மனுஷன் அந்த மலையைக் குடைஞ்சான். சீனத் தொழிலாளிகள் கருங்கல்லைக் குடைஞ்சு போட்ட 1,659 அடி சுரங்கத்து வழியா 1868-ல ரயில் ஓடுச்சு. 1964-ல கணவாய்க்கு மேல ஐ-80. ஆனாலும் 1952 ஜனவரியில 226 பேரோட ஒரு ரயில் மூணு நாள் பனியில மாட்டுச்சு. 2021 டிசம்பர்ல ஒரே மாசத்துல 16 அடி பனி கொட்டி, ஐ-80-ஐ நாள்கணக்குல மூடினாங்க.

மறுநாள் மதியம் சாலை திறந்துச்சு. ஏரிக்கரைப் பூங்காவுல 1918-ல திறந்த சிலை ஒண்ணு இருக்கு. அப்பா, அம்மா, குழந்தைங்க. பீடம் மட்டும் 22 அடி, அந்த வருஷம் பனி அவ்வளவு உயரம்னு காட்டறதுக்காக. அதுக்குக் கீழதான் எங்க ஸ்னோமேன் நின்னுச்சு, கேரட் மூக்கோட. "மேல யாருப்பா?"ன்னா பொண்ணு. "நம்மள மாதிரி ஊருக்குப் போனவங்கடா"ன்னேன்.

விர்ஜீனியா 1847 மே மாசம் ஊர்ல இருக்கற சொந்தக்காரப் பொண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினா. அதுல அவ சொன்ன புத்தி: குறுக்குவழியில போகாதே, வழியில தாமதிக்காதே. நான் பசங்களோட சீக்கிரமே கிளம்பக் கத்துக்கலை, கத்துக்குவேன்னு நம்பிக்கையும் இல்லை. முதல் பாதியையாவது காப்பாத்தப் பார்க்கறேன்.

பி.கு: பனிக்காலத்துல குழந்தைங்களோட மலை ஏறற மக்கள், தண்ணி, கம்பளி, சாப்பாடு எல்லாம் ஒரு நாளைக்குக் கூடுதலாவே வெச்சுக்கங்க. புளியோதரை கெட்டுப் போகாது :-)