காணாத நிலத்தில் ஓடும் ஊர்தி

வேற்றுலக நிலத்தில் ஊர்தி செலுத்தும் கலை, 1970 நவம்பர் 17ஆம் திகதி சந்திரனில் இறங்கிய சோவியத் ஊர்தியாகிய லுனொகோட் 1 உடன் தொடங்கிற்று. சந்திரனுக்கு வானொலிச் சைகை சென்று மீள மூன்று வினாடியும் ஆகாது. ஆதலின் புவியிலிருந்தே அதனை ஓட்ட முடிந்தது. செவ்வாய்க்கோ ஒருவழிக்கே 3 முதல் 22 நிமிடம் வரை செல்லும். 1997 யூலையில் அங்கிறங்கிய சோஜர்னர் இடர்களைத் தானே ஓரளவு கண்டு விலகவேண்டியிருந்தமை இதனாலேயாம்.

2007இல் செவ்வாய்ச் சங்கம் அமெரிக்காவின் யூற்றாப் பாலைநிலத்தில் தொடங்கிய பல்கலைக்கழக ஊர்திப் போட்டி, இவ்விடர்ப்பாட்டையே மாணவர்க்குப் பாடமாக்கியது. ஓட்டுவோர் ஊர்தியை நேரிற் காண்பதில்லை. கமரா அனுப்பும் படத்தைக் கொண்டே பாறையையும் பள்ளத்தையும் கணிக்கின்றனர். அங்கு வேகத்திலும் நிதானமே பெரிது.

ஆர்தர் சி. கிளாக் 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக இருந்த நாடு நம்முடையது. எனினும் இங்கு நிகழும் மாணவர் ரொபோப் போட்டிகளிற் பல, மண்டபத் தளத்தில் வரைந்த கோட்டைப் பின்தொடர்வதோடு அமைகின்றன. தொடக்கநிலைக்கு அது நன்றே; சரிவும் புழுதியும் கற்பிப்பதை மண்டபம் கற்பியாது. பாலைநிலம் நமக்கில்லை என்பர். வெள்ளவத்தையிற் புகையிரதப் பாதைக்கு அப்பால் மணலும் கடலரிப்பைத் தடுக்க இட்ட பாறைகளும் கிடக்கின்றன. ஊர்தியை அங்கு விட்டு, ஓட்டுநரைக் காலி வீதியில் ஓர் அறையில் அமர்த்துவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.