இலண்டன்: பாலம் எழுந்த கதையும் குடி பெயர்ந்த கதையும்

ஒரு மாநகரை அறிய விரும்புவோர் அதன் பெருங்கட்டடங்களையே முதலில் நாடுவர். பாலம், கோபுரம், இரயில் நிலையம், துறைமுகம் ஆகியவை கண்முன் நிற்பவை. கட்டியவர் பெயரும் கட்டி முடித்த ஆண்டும் பல வேளைகளில் அவற்றின் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆயின், அக்கட்டடம் எழுவதற்கு முன் அவ்விடத்தில் இருந்தது யாது? அங்கு வாழ்ந்தோர் எங்குச் சென்றனர்? இவ்வினாக்களுக்குச் சுவரில் விடை இராது. வரலாறு பயில்வோர் கேட்க வேண்டிய வினாக்கள் இவையே. இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனின் உட்பகுதிகளை இவ்விரு வினாக்களோடு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1801 ஆம் ஆண்டில் இலண்டனில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். நூறாண்டு கழிந்து 1901 இல் கணக்கெடுத்தபோது, இலண்டன் கவுண்டியின் எல்லைக்குள் மட்டும் அத்தொகை 45 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று நாம் காணும் பாலங்களிலும் நிலையங்களிலும் பெரும்பாலானவை இந்நூறாண்டுப் பெருக்கத்தின் விளைவுகளே.

ஆறும் பாலமும்

இலண்டன் நகரம் தேம்ஸ் ஆற்றின் வடகரையில் பிறந்தது. தென்கரையில் அமைந்த சவுத்துவார்க், நெடுங்காலம் நகராட்சியின் முழுக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத புறநகராக இருந்தது. நகருக்குள் இடம் பெறாத நாடக அரங்குகளும் சத்திரங்களும் சிறைக்கூடங்களும் அங்கே இடம் பெற்றன. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அரங்கேறிய குளோப் அரங்கு 1599 இல் எழுந்ததும் அத்தென்கரையில்தான்.

இவ்விரு கரைகளையும் இணைத்த கற்பாலத்தை 1176 இல் கட்டத் தொடங்கியவர் கோல்சர்ச்சு பீட்டர் என்னும் பாதிரியார். வேலை முடிந்தது 1209 இல். அதற்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார். அப்பாலம் வெறும் வழியாக மட்டும் இருக்கவில்லை. அதன்மேல் இருபுறமும் வீடுகளும் கடைகளும் நெருங்கி நின்றன. அவற்றின் வாடகைப் பணம் பாலத்தின் பராமரிப்புக்கு உதவியது. பாலமே ஒரு தெருவாகவும், தெருவே ஒரு குடியிருப்பாகவும் விளங்கிய காலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் போக்குவரத்து நெருக்கடியைக் காரணம் காட்டி அவ்வீடுகள் அகற்றப்பட்டன. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற அப்பாலத்திற்கு மாற்றாக ஜான் ரென்னி வகுத்த புதிய பாலம் 1831 இல் திறக்கப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை. 1968 இல் அமெரிக்கச் செல்வர் ஒருவருக்கு விற்கப்பட்டு, அதன் முகப்புக் கற்கள் அரிசோனா மாநிலத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. 1971 முதல் அது அங்கே ஓர் ஏரிக்கரையில் நிற்கிறது. இன்று தேம்ஸின் குறுக்கே இலண்டன் பாலம் என வழங்குவது 1973 இல் திறக்கப்பட்டதாகும்.

நகரின் நடுப்பகுதியில் 1750 வரை வேறு பாலம் கிடையாது. ஆற்றைக் கடக்க விரும்பியோர் படகோட்டிகளையே நம்பியிருந்தனர். அதனால் வெஸ்ட்மின்ஸ்டரில் இரண்டாவது பாலம் கட்ட முற்பட்டபோது படகோட்டிகள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பலருக்கு வழி திறக்கும் பாலம் தங்கள் பிழைப்பின் வழியை அடைக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆயினும் 1750 இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலமும், 1769 இல் பிளாக்பிரையர்ஸ் பாலமும் திறக்கப்பட்டன.

சுங்கமும் ஏழையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் குழுமங்கள் பாலம் கட்டும் தொழிலில் இறங்கின. 1816 இல் வாக்சால், 1817 இல் வாட்டர்லூ, 1819 இல் சவுத்துவார்க் எனப் பாலங்கள் அடுத்தடுத்து எழுந்தன. முதலீட்டைத் திரும்பப் பெறுவதற்காக அவை கடப்போரிடம் சுங்கம் வசூலித்தன. வாட்டர்லூ பாலத்தை நடந்து கடக்க ஒரு பென்னி. செல்வருக்கு அது பொருட்டன்று. அன்றாடக் கூலிக்காரருக்கோ அது பெருஞ்சுமை. எனவே பலர் சுங்கமில்லாப் பாலத்தை நாடிச் சுற்றி நடந்தனர். பாலம் கண்முன் இருந்தும் ஏழைக்கு அது இல்லாததற்குச் சமமாயிற்று. பின்னர் மாநகரப் பொதுப்பணி வாரியம் தனியார் பாலங்களை விலைக்கு வாங்கிச் சுங்கத்தை நீக்கியது. வாட்டர்லூ பாலம் 1878 இல் அனைவருக்கும் பொதுவாயிற்று.

நகரின் கிழக்குப் பகுதியில் துறைமுகத் தொழிலாளர் ஆற்றைக் கடக்க 1870 இல் ஒரு குறுகிய சுரங்கவழி திறக்கப்பட்டது. அதற்கும் நடப்பவர் அரைப் பென்னி செலுத்த வேண்டியிருந்தது. 1894 இல் சுங்கமின்றித் திறக்கப்பட்ட டவர் பாலம் அச்சுரங்கவழியின் வருவாயைக் கவர்ந்துகொண்டது. 1898 இல் அது மூடப்பட்டது. டவர் பாலத்தை வடிவமைத்த ஹோரஸ் ஜோன்ஸ் 1887 இல் காலமானார். பொறியாளர் ஜான் உல்ப் பாரி அதனைக் கட்டி முடித்தார். கப்பல் வரும்போது பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். நீராவியால் அழுத்தப்பட்ட நீரே அதனை 1976 வரை இயக்கியது; அதன் பின்னர் எண்ணெயும் மின்சாரமும் அப்பணியை ஏற்றன.

ரென்னியின் வாட்டர்லூ பாலம் தளர்ந்தபோது, கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த புதிய பாலம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுந்தது. ஆடவர் பலர் போருக்குச் சென்றிருந்தமையால் கட்டுமானப் பணியில் பெண்கள் பெரும் பங்கு கொண்டனர். ஆயின் 1945 இல் நிகழ்ந்த திறப்பு விழா உரையில் பாலம் கட்டிய ஆடவரே பாராட்டப்பட்டனர். பெண்களின் உழைப்பு ஏட்டில் ஏறவில்லை. ஆற்றில் படகு செலுத்துவோர் மட்டும் அதனைப் பெண்கள் பாலம் என வழங்கி அந்நினைவைக் காத்து வந்தனர். 2015 ஆம் ஆண்டளவில் பழைய நிழற்படங்கள் கிடைத்த பின்னரே அவ்வாய்மொழி வழக்குக்குச் சான்று உண்டாயிற்று. எழுதப்படாத வரலாறு நிகழாத வரலாறு ஆகாது என்பதற்கு இப்பாலம் ஓர் எடுத்துக்காட்டு.

துறைமுகத்தின் விலை

டவர் பாலத்தின் வடகிழக்கே, கோட்டையை அடுத்து, புனித காத்தரீன் துறை அமைந்துள்ளது. பொறியாளர் தாமஸ் டெல்போர்டு வடிவமைத்த இத்துறை 1828 இல் திறக்கப்பட்டது. அதற்கு இடம் காண, பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட ஓர் அறச்சாலையும் அதன் கோயிலும், ஏறத்தாழ 1,250 வீடுகளும் இடிக்கப்பட்டன. குடியிழந்தோர் 11,300 பேர். நிலவுடைமையாளர் ஈட்டுப்பணம் பெற்றனர். வாடகைக்கு இருந்தோர் எதுவும் பெறாமல் வெளியேறினர். அவர்களுட் பலர் அண்டையிலிருந்த நெருக்கமான தெருக்களிலேயே புகலடைந்தனர் எனலாம். நெருக்கம் குறையவில்லை, இடம் மாறியது, அவ்வளவே.

அத்துறையின் கிடங்குகளில் தேயிலை, சர்க்கரை, தந்தம், ரப்பர் ஆகியவை அடுக்கி வைக்கப்பட்டன. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள மின்சிங் லேன் என்னும் தெருவே அப்பொருள்களின் விலைபேசும் களமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் தோட்டங்களில் தமிழர் விடியுமுன் எழுந்து சீவிய பால், காய்ந்த ரப்பராகக் கடல் கடந்து இலண்டன் சந்தைக்குச் சென்றது. அத்தெருவில் விலை சரிந்தால் இங்கே தோட்டத்துக் கூலியும் சரிந்தது. ஆதலால் இலண்டனின் இச்சிறு தெருவின் வரலாறு நம் முன்னோரின் வரலாற்றோடும் பின்னியதாகும். புனித காத்தரீன் துறை 1968 இல் மூடப்பட்டது. இப்போது அங்கே சரக்குக் கப்பல்கள் இல்லை. உல்லாசப் படகுகளும் உணவகங்களும் உள்ளன.

இரயில் புகுந்த நகர்

இலண்டனில் தொடக்கக் காலத்தில் எழுந்த இரயில் நிலையங்களுள் ஒன்று, தென்கரையில் 1836 இல் திறக்கப்பட்ட இலண்டன் பாலம் நிலையமாகும். அங்கிருந்து கிரீன்விச் செல்லும் பாதை, பெர்மான்சி வட்டாரத்தின் வீட்டுக் கூரைகளுக்கு இணையாக, 878 வளைவுகளின்மேல் அமைக்கப்பட்டது. தொடர்ந்து யூஸ்டன், பாடிங்டன் முதலிய நிலையங்கள் தோன்றின. நகர் முழுவதும் தண்டவாளமாகிவிடும் என்னும் அச்சம் எழவே, 1846 இல் அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. நகரின் மையப்பகுதிக்குள் இரயில்பாதைகள் நுழையலாகாது என அது பரிந்துரைத்தது. வடக்கே பெருநிலையங்கள் ஒன்றோடொன்று சேராமல் யூஸ்டன் சாலையை ஒட்டி வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

அந்நிலையங்களை நகரோடு இணைக்கும் தேவையே உலகின் முதல் நிலத்தடி இரயிலைப் பிறப்பித்தது. 1863 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10 ஆம் நாள் பாடிங்டன் முதல் பாரிங்டன் வரை அது ஓடத் தொடங்கியது. அதற்காக அயராது வாதாடிய சார்ல்ஸ் பியர்சன் அதனைக் காணாமலே முந்திய ஆண்டில் மறைந்தார். உழைப்பாளர் நெருக்கமான சந்துகளை விட்டுப் புறநகரில் காற்றோட்டமாக வாழவும், குறைந்த கட்டணத்தில் வேலைக்கு வந்து போகவும் இரயில் உதவ வேண்டும் என்பது அவருடைய கனவு.

அக்கனவு ஓரளவே பலித்தது. லிவர்பூல் தெரு நிலையத்தை அமைக்க இசைவு பெற்ற குழுமம், தொழிலாளருக்கு மலிவான வண்டிகளை ஓட்ட வேண்டும் என 1864 இல் சட்டம் விதித்தது. அதன் பயனாக வால்தம்ஸ்டோ, எட்மன்டன் முதலிய இடங்கள் தொழிலாளர் புறநகர்களாக வளர்ந்தன. ஆயின் மிக ஏழையர், நாள்தோறும் காலையில் வேலை தேடி நிற்பவர், வேலைக்களத்திற்கு அருகிலேயே வாழ வேண்டியிருந்தது. அவர்களால் அவ்வண்டியில் ஏறிச் செல்ல இயலவில்லை. 1853 முதல் 1901 வரை இரயில் பணிகளால் இலண்டனில் வீடிழந்தோர் ஏறத்தாழ 76,000 பேர் என வரலாற்றறிஞர் டயாஸ் கணக்கிட்டுள்ளார்.

செயிண்ட் பாங்கிராஸ்

இக்கதை முழுவதையும் ஒரே இடத்தில் காண விரும்புவோர் செயிண்ட் பாங்கிராஸ் வட்டாரத்தை நோக்கலாம். அங்கே 1840 களில் ஏகர் டவுன் என்னும் குடியிருப்பு தோன்றியது. நிலம் குறுகிய காலக் குத்தகைக்கு விடப்பட்டமையால் எவரும் உறுதியான வீடு கட்ட முனையவில்லை. வடிகாலோ நல்ல சாலையோ இல்லை. நாளேடுகள் அதனைச் சேரி எனப் பழித்தன. 1866 இல் மிட்லண்ட் இரயில் குழுமம் தன் பாதைக்காக அதனை அகற்றியது. அப்பாதை அருகிலிருந்த பழைய கோயிலின் இடுகாட்டையும் ஊடறுத்தது. புதைக்கப்பட்டோரின் எலும்புகளை முறையாக எடுத்து மாற்றும் பணியை மேற்பார்த்த இளங்கட்டடக்கலைஞர், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தாமஸ் ஹார்டி ஆவார். கல்லறைக் கற்கள் சூழ நின்று அவர் பெயரால் வழங்கிய மரம் 2022 டிசம்பரில் சாய்ந்தது.

அவ்வாறு பெற்ற இடத்தில் 1868 இல் நிலையம் திறக்கப்பட்டது. பொறியாளர் வில்லியம் பார்லோ இடையில் தூணே இன்றி ஏறத்தாழ 240 அடி அகலத்திற்கு இரும்புக் கூரையை வளைத்தார். அந்நாளில் உலகில் அதனினும் அகன்ற கூரை வேறில்லை. தளத்தின் கீழுள்ள தூண்களின் இடைவெளி, பர்ட்டன் நகரிலிருந்து வந்த பீர் பீப்பாய்களின் அளவுக்கேற்ப வகுக்கப்பட்டது. பீப்பாய்க்கு அளவெடுத்து இடம் ஒதுக்கியவர்கள், வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு இடம் ஒதுக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

நிலையத்தின் முகப்பில் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் எழுப்பிய மாளிகை போன்ற தங்குவிடுதி 1873 இல் திறக்கப்பட்டு 1935 இல் மூடப்பட்டது. 1960 களில் அது இடிக்கப்படும் நிலை வந்தது. அதற்குச் சற்று முன்னர்தான், 1961 இல், யூஸ்டன் நிலையத்தின் பழம்பெரும் நுழைவாயில் எதிர்ப்பை மீறித் தகர்க்கப்படலாயிற்று. அவ்விழப்பால் விழிப்புற்ற கவிஞர் ஜான் பெச்சமன் முதலியோர் போராடியதன் பயனாக 1967 இல் செயிண்ட் பாங்கிராஸ் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2007 முதல் ஐரோப்பியக் கண்டத்திற்குச் செல்லும் வண்டிகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. விடுதியும் 2011 இல் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடத்திற்காகக் குரல் கொடுக்க ஒரு தலைமுறை எழுந்தது. ஏகர் டவுனுக்காக அவ்வாறு ஒரு குரல் எழவில்லை.

எனினும் அண்டையிலுள்ள சாமர்ஸ் டவுன் முற்றிலும் மறையவில்லை. பாசில் ஜெலிக்கோ என்னும் இளம்பாதிரியார் முன்னின்று 1924 இல் தொடங்கிய வீட்டுச் சீரமைப்புச் சங்கம், சேரிகளின் இடத்தில் நல்ல அடுக்கு வீடுகளைக் கட்டியது. முன்னிருந்த மக்களையே அவ்விடத்தில் மீண்டும் குடியமர்த்துவது அதன் கொள்கை. இடிப்பதும் கட்டுவதும் குடிகளை விரட்டாமலே நிகழக்கூடும் என்பதை அது மெய்ப்பித்தது.

முடிவுரை

சாமர்ஸ் டவுனின் வீடுகளை அகற்றி 1887 இல் ஒரு சரக்கு நிலையம் அமைக்கப்பட்டது. அச்சரக்கு நிலையமும் மறைந்து, அதே இடத்தில் 1998 முதல் பிரிட்டிஷ் நூலகம் விளங்குகிறது. பழந்தமிழ் அச்சு நூல்களும் ஓலைச்சுவடிகளும் காலனி ஆட்சிக் கால ஆவணங்களும் அங்கே பேணப்படுகின்றன. நம்மவர் கடல் கடந்த வரலாற்றை ஆராய்வோர்க்கு அது தவிர்க்க முடியாத கருவூலம். அந்நூலகம் நிற்கும் மண்ணிலேயே பெயர் பதியாத எளியோரின் அடுப்புகள் ஒருகாலத்தில் எரிந்தன.

பெருங்கட்டடங்களை வியப்பது தவறன்று. அவை மனித அறிவின் வெற்றிகளே. பாலமும் இரயிலும் இன்றி இலட்சக்கணக்கானோரின் வாழ்வு வளம் பெற்றிராது. ஆயினும் நன்மை பலருக்கும் பயன்பட, அதன் விலையைச் சிலரே செலுத்தினர் என்பதை வரலாறு மறத்தலாகாது. இவ்வுண்மை இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. மாணவர்கள் தங்கள் ஊரிலுள்ள ஒரு பாலத்தையோ நிலையத்தையோ எடுத்துக்கொண்டு, அதற்கு முன் அவ்விடத்தில் யார் வாழ்ந்தனர் என முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பாராயின், அதுவே வரலாற்றுக் கல்வியின் தொடக்கமாகும். கல்வெட்டில் இடம் பெறாதவர்க்கு ஏட்டிலேனும் இடம் கிடைக்கட்டும்.